காலிக் காட்ரிஜும் வாகரை பஸ்களும்

அரச அலுவலகங்களுக்குப் புதிதாக முகாமைத்துவ உதவியாளர்களாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு அனுபவம் ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். எதைப்பற்றி என்று கேட்டேன். "கோவைகளைப் பேணுறதப் பற்றி எழுதுங்க மிஸ்" என்றார்கள். பைல் கட்டுகளைப்பற்றி எழுதினால் நீங்கள் வாசிக்க மாட்டீர்கள். உண்மையைச் சொன்னால் நானும் வாசிக்க மாட்டேன். அதனால் பிரிண்டர் மையைப்பற்றி எழுதுகிறேன்.

சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடியுங்கள். முப்பத்திரண்டு வருடம் சம்பளம் வாங்கியிருக்கிறேன். ஆயிரக்கணக்கான கடிதங்களுக்குப் பதில் எழுதியிருக்கிறேன். ஆனால் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக்கொள்ள என்னிடம் ஒரேயொரு நாள்தான் உண்டு. அந்த நாளை நான் வென்றது ஒரு காலிக் காட்ரிஜை வைத்துக்கொண்டுதான். அதைச் சொல்வதற்கு முன் நான் தோற்ற கதையையும் சொல்ல வேண்டும். தோற்றதை ஒளித்துவிட்டு வென்றதை மட்டும் சொல்லும் ஓய்வூதியக்காரர்களை எனக்குப் பிடிக்காது.

வாவிக்கு வடக்கே ஒரு பிரதேச செயலகம். எதுவென்று சொல்ல மாட்டேன். சனம் அதைக் கந்தோர் என்றுதான் சொல்லும், நானும் அப்படியே சொல்கிறேன். சுனாமி வரும்வரை எங்களிடம் தட்டச்சுப் பொறியும் கார்பன் தாளும்தான். சுனாமி வந்து ஒரு கிழமைக்குள் நிவாரணம் கொடுக்க வந்தவர்கள் ஒரு கணினியும் மை பிரிண்டரும் தந்துவிட்டுப் போனார்கள். கணினி வகுப்புக்குப் போய் வந்தவள் நான் ஒருத்திதான். எனவே அது என்னுடைய மேசைக்கு வந்தது. எனக்குத் தலைகால் தெரியவில்லை.

அப்போது ஒவ்வொரு முகாமுக்கும் ஒரு பட்டியல் அடிக்க வேண்டும். குடும்பத் தலைவர் பெயர், அடையாள அட்டை இலக்கம், எத்தனை பேர், பால்குடிப் பிள்ளைகள் எத்தனை என்று அதில் இருக்கும். அந்தப் பட்டியல் களஞ்சியத்துக்குப் போனால்தான் லொறியில் சாமான் ஏறும். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் அரச இலட்சினையைக் கலரில் போட்டேன். கந்தோரின் பெயரைக் கொழுத்த எழுத்தில் போட்டேன். பெட்டி பெட்டியாகக் கட்டம் கீறி, தலைப்பு வரிக்குப் பின்னால் சாம்பல் நிறமும் பூசினேன். கல்யாணக் காட் அடிக்கிற மாதிரி அடித்தேன். எழுத்தில் கோடு விழுந்தால் உடனே திரையில் இருக்கும் 'சுத்தம் செய்' பொத்தானை அமத்துவேன். அந்தப் பொத்தானை அமத்தும் ஒவ்வொரு தரமும் மெஷின் மையைத்தான் துப்பித் துப்பித் தன்னைக் கழுவுகிறது என்பது எனக்குத் தெரியாது.

ஒன்பது முகாமுக்கு அழகான பட்டியல் போனது. பத்தாவது முகாமுக்கு மை இல்லை. கொழும்பிலிருந்து காட்ரிஜ் வர வேண்டும், பாதையெல்லாம் உடைந்து கிடக்கிறது. கையால் எழுதி அனுப்பினேன். அவசரத்தில் எழுதிய என் கிறுக்கலைக் களஞ்சியத்துக்காரர் திருப்பி அனுப்பிவிட்டார். மறுபடி எழுதி, ஒப்பம் வாங்கி அனுப்ப இரண்டு நாள் போனது. அந்தப் பத்தாவது முகாம், வாகரைப் பக்கத்திலிருந்து வந்து எங்கள் பள்ளிக்கூடமொன்றில் தங்கியிருந்த சனம்.

இரண்டாம் நாள் ஒரு பெண் நடந்தே கந்தோருக்கு வந்தாள். பெயர் நேசம்மா. புருசனைக் கடல் கொண்டுபோய் இரண்டு கிழமைதான். இடுப்பில் ஒரு பிள்ளை, கையில் ஒரு பிள்ளை. என் மேசைக்கு முன்னால் நின்று நான் அடித்து ஒட்டியிருந்த மாதிரிப் பக்கத்தைப் பார்த்தாள்.

"மத்த முகாமெல்லாம் பால்மா குடுத்தாச்சி. எங்கட பேர் மட்டும் வரல்லயாம். நாங்க என்ன பிழை செஞ்ச மிஸ்?"

என்ன சொல்வது? இலட்சினையில் சிங்கமும் வாளும் நல்ல வடிவாக வந்தது, அதனால் உங்கள் பிள்ளைக்குப் பால் வரவில்லை என்றா? அன்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவில்லை. வெட்கம் என்றால் என்ன என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதற்குப் பிறகு, மை ஏன் இவ்வளவு சீக்கிரம் தீர்கிறது என்று கேட்கப் பிரிண்டரைத் தூக்கிக்கொண்டு ஏறாவூருக்குப் போனேன். அங்கே ஒரு முஸ்லிம் தம்பி கடை போட்டிருந்தார். கட்டாரில் எட்டு வருடம் கந்தோர் மெஷின்கள் திருத்தியவர், என்னை விடப் பத்து வயது இளையவர். பெயர் போட்டால் கோபிப்பார், வேண்டாம். என்னுடைய பெரிய வாத்தியார் அவர்தான். ஒருநாளும் பாராட்ட மாட்டார். ஏச்சு மட்டும்தான்.

பிரிண்டரைத் திறந்து பார்த்துவிட்டு என்னிடம் முதல் கேட்டது இது: "மிஸ், பின்னேரம் ஒபிஸ் மூடக்குள்ள இத எப்பிடி அமத்துற?"

எங்கள் கந்தோரில் ஒரு வழக்கம் இருந்தது. நாலேகாலுக்கு எங்கள் எழுத்தர்களுக்கெல்லாம் தலைவரான பிரதம லிகிதர் எழும்பி வாசலுக்குப் போவார். கதவுக்குப் பக்கத்தில் இருக்கும் மெயின் சுவிச்சை டப்பென்று கீழே இறக்குவார். மின்விசிறி, லைற், மெஷின் எல்லாம் ஒன்றாக நூர்ந்து அணையும். எங்கேயோ ஒரு கந்தோர் தீப்பிடித்ததாகச் சுற்றறிக்கை வந்த நாளிலிருந்து இருபது வருடமாக ஒருநாள் தவறாமல் செய்கிற வேலை. அதைச் சொன்னேன்.

தம்பி தலையில் கை வைத்தார். "அல்லாஹ்வே! தன்ட பொத்தான அமத்தினாத்தான் இந்த மெஷின் காட்ரிஜக் கொண்டு போய் மூடில வெச்சி மூடும். நீங்க கழுத்தப் புடிச்சி நெரிக்கிறீங்க. அது தொறந்த வாயோட ராவெல்லாம் கிடந்து காயுது. விடிய எழும்பினதும் தாகத்துக்குப் பாதி மையக் குடிக்குது. மை முடியுதெண்டு காட்ரிஜ ஏசி என்ன செய்ற?"

அன்று அவரிடம் படித்ததுதான் இன்றுவரை என் வேதம். எப்போதும் மெஷினுடைய பொத்தானால் அமத்து. வேலை இல்லாவிட்டாலும் ஒருநாளைக்கு ஒரு வரி அடி. கோடு விழுந்தால் பொத்தானைத் தேடாதே, காட்ரிஜைக் கழற்றி அதன் வாயை இளஞ்சூடான ஈரத்துணியில் ஒற்று. மெல்லிய எழுத்தில், மங்கல் பதிப்பில் அடி. காலி என்று மெஷின் சொன்னால் உடனே நம்பாதே.

படித்ததைவிட அதைப் பிரதம லிகிதருக்குச் சொல்வதுதான் கஷ்டம். "பிள்ள, நெருப்புப் பிடிச்சா ஆரு பதில் சொல்ற?" என்பார். கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். நாலு பத்துக்கு நான் பிரிண்டரை அமத்துவேன். நாலேகாலுக்கு அவர் உலகத்தை அமத்துவார். நான் லீவில் நின்றால் என்ன செய்வது என்று நாங்கள் இரண்டு பேரும் யோசிக்கவில்லை.

இனி என்னுடைய இரண்டாவது மடைத்தனம். அடுத்த வருடம் வாணி விழா வந்தது. உங்களுக்குத் தெரியும், எங்கள் கந்தோர்களில் பேனை, கோவை, முத்திரை எல்லாம் சரஸ்வதி படத்துக்கு முன்னால் போகும், விஜயதசமிவரை தொட மாட்டோம். அந்தக் கிழமைதான் புதுக் கறுப்புக் காட்ரிஜ் ஒன்று கைக்கு வந்திருந்தது. மூடி வைத்த பொருளை அம்மாளுக்கு எப்படி வைப்பது என்று எனக்கொரு பக்தி. அதன் வாயில் ஒட்டியிருந்த தாளை உரித்தேன். செம்பு நிறத்தில் பளபளவென்று ஓர் இடம் தெரிந்தது. ஆகா, இதுதான் நெற்றி என்று நினைத்து அதிலே நல்ல தடிப்பாகச் சந்தனப் பொட்டு வைத்தேன்.

விஜயதசமிக்குப் பிறகு அது ஒரு புள்ளிகூட அடிக்கவில்லை. ஏறாவூர்த் தம்பி அதைக் கையில் எடுத்துப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"மிஸ், இது மூக்கு. மூக்குல சந்தனத்த அப்பினா ஆரு மூச்சு விடுற?"

கந்தோரில் இரண்டு மாதம் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அதற்கடுத்த வருடம் புதுப் பிரிண்டர் ஒன்று வந்தது. அதோடு ஒரு கறுப்புக் காட்ரிஜும் ஒரு கலர்க் காட்ரிஜும் வந்தன. கறுப்பைப் பாவித்தோம். இலட்சினைப் பித்து தெளிந்தவள் ஆனபடியால் கலர்ப் பக்கம் நான் தலை வைத்தும் படுக்கவில்லை. வாணி விழாவுக்குப் பிரதம லிகிதர் அந்தக் கலர்க் காட்ரிஜைப் பெட்டியோடு எடுத்து, "இதின்ட மூக்குல ஆரும் கை வைக்கப்படா" என்று என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பெட்டியின் மேலே பொட்டு வைத்து அம்மாளுக்கு முன்னால் வைத்தார். விழா முடிந்தும் அது அந்தத் தட்டிலேயே இருந்தது. யாருக்கும் தேவைப்படவில்லை.

இதற்கிடையில் சண்டை மறுபடி மூண்டது. வாகரைச் சனம் காட்டுக்குள்ளாலும் கடற்கரையாலும் நடந்து எங்கள் பக்கம் வந்து சேர்ந்தது. அதே சனம், சுனாமிக்கு வந்து திரும்பிப் போனவர்கள்தான். நேசம்மாவும் வந்திருந்தாள். இந்த முறை அவள் முகாமுக்குத் தலைவி. மூன்று ஊர்ச் சனம் ஒரு மைதானத்தில் கூடாரம் அடித்து மாதக்கணக்காகக் கிடந்தது. பிறகு கிழக்கில் சண்டை ஓய்ந்தது. திரும்பிப் போகலாம் என்றார்கள். குடும்பத்துக்கு ஒரு காட், அதாவது ஓர் அட்டை, வேண்டும். அதில் குடும்பத்திலுள்ள எல்லாருடைய பெயரும் அச்சில் இருக்க வேண்டும். கையால் எழுதியது செல்லாது, ஆரும் ஆரின் பெயரையும் எழுதிவிடலாம் என்று பயம். காட் இருந்தால் பஸ்ஸில் இடம். இல்லாவிட்டால் அடுத்த முறை, அடுத்த முறை எப்போது என்று ஒருவருக்கும் தெரியாது.

அப்போது பார்த்து என் மகளுக்குக் காய்ச்சல். மூன்று நாள் லீவு எடுத்தேன். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குக் கந்தோருக்குள் கால் வைக்கிறேன், பிரதம லிகிதர் வாசலிலேயே நிற்கிறார். முகத்தில் ஈயாடவில்லை.

"பிள்ள, இண்டைக்குப் பகல் பன்ரெண்டு மணிக்கு பஸ் வெளிக்கிடுதாம். இப்பதான் பிரதேச செயலாளர் ஐயா போன் எடுத்தார். நூத்தி எழுபத்தி மூணு காட் அடிக்கோணும்."

"அடிப்பம். பேரெல்லாம் கணினியில கிடக்குத்தானே, அதுக்கென்ன?"

"நான் வெள்ளிக்கிழமை ஒண்டு அடிச்சிப் பாத்தன். கோடு கோடா வந்திச்சி. அதான் அந்தச் சுத்தம் செய்யிற பொத்தான அமத்தினன்."

"எத்தின தரம்?"

அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "ஏழெட்டு இருக்கும். பிறகு மெயினையும் இறக்கிட்டன்."

பிரிண்டரின் சிவப்பு விளக்கு மினுங்கிக்கொண்டிருந்தது. காலி. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த மனுசனை என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. அந்த நேரம் பார்த்து நேசம்மா உள்ளே வந்தாள்.

"மிஸ், பஸ் வந்திட்டு. ஆறு பஸ். கூடாரமெல்லாம் கழட்டிக் குடுத்திட்டம், சனம் வெயிலுக்க சாமானோட குந்திக்கிட்டிருக்கு. எங்கட காட் எங்க?" பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "கடல் அமந்திட்டு மிஸ். கரைவலை தொடங்கிட்டு. இண்டைக்குப் போனாத்தான் வலை இழுக்க எங்களயும் சேப்பாங்க. பிந்தினா இந்த வருசமும் அரிசிக்கு வரிசைதான்."

நான் அவளைப் பார்த்தேன். சுனாமி நேரம் என் மேசைக்கு முன்னால் நின்றவள். அவளிடம் இரண்டாம் முறையும் பெயர் வரவில்லை என்று சொல்ல வேண்டுமா? செத்தாலும் சொல்ல மாட்டேன் என்று நினைத்தேன். அந்த வைராக்கியம்தான் மற்றதையெல்லாம் செய்தது.

ஏறாவூருக்குப் போன் எடுத்தேன். அன்று ஹர்த்தால். "கடை பூட்டிக் கிடக்கு மிஸ். றோட்டுல டயர் எரியுது. நான் காட்ரிஜத் தூக்கிட்டு வெளிய வந்தா என்னையும் சேத்து எரிப்பாங்க" என்றார் தம்பி. பிறகு திடீரென்று கேட்டார்: "கலர்க் காட்ரிஜ் ஒண்டு ஈக்கா?"

நானும் பிரதம லிகிதரும் ஒரே நேரத்தில் சரஸ்வதி படத்தைத் திரும்பிப் பார்த்தோம்.

தம்பி போனில் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கறுப்பு காலி என்று காட்டினாலும் அடியில் கொஞ்சம் இருக்கும், நாற்பது அட்டைக்கு மேல் நம்பாதே. அது முடிந்ததும் கறுப்பைக் கழற்றி எறிந்துவிட்டுக் கலரை மட்டும் போடு, அந்த மெஷின் ஒன்றோடும் ஓடும். ஆனால் பிரிண்டரோடு சும்மா வருகிற காட்ரிஜ் அரைவாசிதான் நிரப்பியிருக்கும். அதற்குள்ளே மூன்று அறை, நீலம், சிவப்பு, மஞ்சள். கறுப்பெழுத்துக் கேட்டால் மூன்றையும் கலந்து குடித்துவிடும். நீலம் மட்டும் கேள். நீலம் முடிந்தால் சிவப்பு மட்டும் கேள். மஞ்சளை மறந்துவிடு.

"ஒண்டும் குறையா எண்டு நான் சொல்லல்ல. ஆனா செய்ய ஏலும்" என்றார். அவர் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே நல்ல வார்த்தை அது.

பிரதம லிகிதர் படத்துக்கு முன்னால் போய்த் தயங்கி நின்றார். "பூசைக்கு வெச்ச சாமான் பிள்ள."

"ஐயா, அம்மாள் எழுத்துக்குத் தெய்வம்தானே. அவ தராட்டி வேற ஆரு தாற?"

இரண்டு கையாலும் எடுத்துத் தந்தார்.

தம்பி தங்கைகளே, இந்த இடத்தில்தான் நீங்கள் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். நேரம் எட்டரை. கை பரபரக்கிறது, உடனே அடிக்கத் தொடங்கு என்கிறது. நான் தொடங்கவில்லை. அரைமணி நேரம் ஒரு தாளும் அடிக்காமல் இருந்தேன். தூரத்தில் மைதானத்துப் பக்கம் பஸ் ஹோன் அடிப்பது கேட்கிறது. பிரதம லிகிதர் குட்டி போட்ட பூனை போல் நடக்கிறார். நான் திரையைப் பார்த்துக்கொண்டு, இந்த அட்டையில் உண்மையிலேயே அச்சடிக்க வேண்டியது எது என்று யோசித்தேன். கந்தோரின் பெயரா? அதற்கு இறப்பர் முத்திரை இருக்கிறது, முத்திரை மையும் போத்தலில் இருக்கிறது. கட்டமா? வேண்டாம். தலைப்பா? வேண்டாம். ஆட்களின் பெயர், அடையாள அட்டை இலக்கம், ஊர். அவ்வளவுதான். ஒரு தாளில் ஆறு காட் அடங்கியது.

அடுத்தது பிழை. அடித்துப் பார்த்து, பிழை கண்டு, திரும்ப அடிப்பதில்தான் உலகத்தில் பாதி மை போகிறது. அன்று திரும்ப அடிக்க மை இல்லை. நேசம்மாவைக் கதிரையில் இருத்தினேன். நான் திரையைப் பார்த்து ஒவ்வொரு குடும்பமாக வாசித்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். மூன்று ஊரும் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம்.

"நில்லுங்க மிஸ். அது பெரியதம்பியில்ல, சின்னத்தம்பி. பெரியதம்பி அவன்ட தமையன், அவன் மத்த ஊர்ல கலியாணம் முடிச்ச."

"இது மூணு பிள்ளயெண்டு கிடக்கு."

"நாலு. ஒண்டு முகாம்லதான் பிறந்த. அதயும் போடுங்க, இல்லாட்டி தாய் இறங்கிருவா."

பதினேழு பிழை பிடித்தாள். கடைசியில் அவளுடைய குடும்பம் வந்தது. "எங்கட வீட்டக் கடைசியாப் போடுங்க" என்றாள். ஏன் என்று கேட்டேன். "ஆரும் மிஞ்சினா நானும் மிஞ்சோணும் மிஸ். தலைவி எண்டு சொல்லிக்கிட்டு முன்னுக்கு ஏறேலுமா?"

மூன்றாவதுதான் பெரிய விசயம். ஓர் ஊருக்குள்ளேயே பாதிக் காட் கறுப்பும் பாதி நீலமுமாகப் போனால் அங்கே நிற்கும் அதிகாரி என்ன நினைப்பார்? ஒன்று கள்ளக் காட் என்றுதான். ஆகவே மை மாறுகிற இடத்தில் ஊரும் மாற வேண்டும். மூன்று ஊரில் சின்ன ஊருக்கு முப்பத்தெட்டுக் குடும்பம். தம்பி சொன்ன நாற்பதுக்கு அது சரி. அதைக் கறுப்புக்கு வைத்தேன். பெரிய ஊரை நீலத்துக்கு வைத்தேன். நேசம்மாவின் ஊரைச் சிவப்புக்கு வைத்தேன். பிறகுதான் பொத்தானை அமத்தினேன்.

கறுப்பு முப்பதாவது அட்டையில் மங்கியது. கழற்றி, ஈரத்துணியில் ஒற்றி, மெல்ல ஆட்டிப் போட்டேன். வந்தது. முப்பத்தாறில் மறுபடி மங்கியது. மறுபடி ஒற்றினேன். முப்பத்தெட்டாவது வெளியே வந்தபோது பிரதம லிகிதர் கை தட்டினார். நான் தாளை வெட்ட, அவர் முத்திரை குத்தினார். காலையில் அவர்மேல் இருந்த ஆத்திரம் எங்கே போனதென்று தெரியவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டு, மேசை அதிர அதிர ஒரு முத்திரையும் சரியாமல் குத்தினார். நீலம் பெரிய ஊரை முடித்துக் கொடுத்தது, கொஞ்சம் மிச்சம்கூட இருக்கும் என்று நினைத்தேன். பதினொன்றரைக்குச் சிவப்பைத் தொடங்கினேன். சிவப்பென்றால் குங்குமச் சிவப்பில்லை, நாவல்பழம் தின்ற நாக்கின் நிறம். பார்க்க வடிவாகத்தான் இருந்தது.

கடைசித் தாளில் அது தேய்ந்தது. ஐந்து காட் வாசிக்கக்கூடியதாக வந்தது. ஆறாவது வெள்ளைக் காட் மாதிரி இருந்தது. சரித்துப் பிடித்தால்தான் எழுத்தின் நிழல் தெரியும். ஆறாவது, நேசம்மாவுடையது.

"நீலத்துல திருப்பி அடிக்கிறன்" என்றேன். மிச்சமிருக்கும் என்று நினைத்த நீலத்தை நம்பிப் பொத்தானை அமத்தினேன். தாள் வெறுமையாக வந்து விழுந்தது. அதுவும் தீர்ந்திருந்தது. நேசம்மா அந்த மங்கல் காட்டை எடுத்து மடியில் செருகினாள். "முத்திர நல்லா விழுந்திருக்கு, அது போதும்" என்றாள்.

ஹர்த்தாலுக்கு ஓட்டோ இல்லை. பிரதம லிகிதரின் மோட்டார் சைக்கிளில் நான் பின்னால் ஏறினேன், மடியில் நூற்றி எழுபத்திரண்டு காட். எங்களுக்கு முன்னாலேயே நேசம்மா ஒரு சைக்கிளில் தொற்றிக்கொண்டு போய்விட்டாள். மைதானத்தில் சனம் பஸ் கதவுகளில் நெரிபட்டுக்கொண்டு நின்றது. மூன்று ஊரும் ஆறு பஸ்ஸையும் ஒன்றாக மொய்த்தது. பஸ்களுக்குப் பொறுப்பாக வந்திருந்த அதிகாரி தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். காட்டுகளைக் கண்டதும் கையில் வாங்கிப் புரட்டினார். முகம் மாறியது.

"இதென்ன மிஸ், மூண்டு கலர்?"

மை இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் இரக்கப்பட்டிருப்பார், ஆனால் எல்லாவற்றையும் ஒருதரம் சந்தேகத்தோடு பார்த்திருப்பார்.

"ஊருக்கொரு கலர் சேர்" என்றேன். "கறுப்புக் காட் முதல் பஸ். நீலம் அடுத்த மூண்டு. சிவப்புக் கடைசி ரெண்டு. ஒரு ஊர் ஆள் மத்த ஊர் பஸ்ஸில ஏறினா தூரத்திலயே தெரியும்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ஒலிபெருக்கியை எடுத்தார். "கறுப்புக் காட் இங்கால! நீலம் றோட்டுப் பக்கம்! சிவப்பு வேம்படிக்கு!" காலையிலிருந்து ஒருவராலும் பிரிக்க முடியாத கூட்டம் கால்மணி நேரத்தில் மூன்றாகப் பிரிந்தது. நான் பொய் சொல்லவில்லை, கவனியுங்கள். கந்தோரில் நான் பிரித்ததே ஊர் ஊராகத்தான். மை இல்லாததால் பிரித்தேன் என்பதை மட்டும் சொல்லவில்லை. அடுத்த மாதமே மற்றக் கந்தோர்களுக்கும் சொல்லிவிட்டார்கள், காட்டுகளை ஊருக்கொரு நிறத்தில் அச்சிடவும் என்று. கலர்க் காட்ரிஜ் வாங்க அவர்கள் பட்ட பாட்டை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வரும்.

ஐந்து பஸ் நிரம்பியது. ஆறாவதும் நிரம்பியது. கடைசியாக நேசம்மா இரண்டு மகள்மாரோடு கதவடிக்கு வந்து காட்டை நீட்டினாள். அதிகாரி வாங்கினார். திருப்பிப் பார்த்தார். வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தார்.

"இதில எழுத்தே இல்லையே அம்மா."

"இருக்கு சேர். சரிச்சுப் பாருங்க" என்றேன் நான்.

"வாசிக்கேலாத காட் செல்லாது மிஸ். எனக்கு மேலயும் ஆக்கள் இருக்காங்க."

அவர் கெட்ட மனுசன் இல்லை. அவருடைய இடத்தில் நான் நின்றாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். நேசம்மா பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஓர் அடி பின்னால் வைத்தாள். பஸ் ஜன்னலில் தலையை நீட்டியிருந்த ஒரு கிழவர் அதைக் கண்டார்.

"என்னகா பின்னுக்குப் போறாய்? சேர், அது நேசம்மா!"

"என்ன பேர்?" என்று அதிகாரி காட்டைச் சரித்தார்.

"நேசம்மா!" என்றது பஸ். ஒரு ஆளில்லை, முழு பஸ்ஸும். முன்னால் நின்ற ஐந்தாவது பஸ்ஸிலிருந்தும் தலைகள் வந்தன. அதிகாரி விரலை வைத்து நிழல் எழுத்தைத் தேடினார். "நே... ஓம், நே தெரியுது. பிறகு?"

"மூத்தவள் யோகராணி!"

விரல் அடுத்த வரிக்கு இறங்கியது. "யோ... சரி."

"இளையவள் தவராணி! அவளுக்கு நாலு வயசு!"

"வயசு இதில இல்ல" என்றார் அதிகாரி, சிரிப்பை அடக்கிக்கொண்டு. நேசம்மா அடையாள அட்டையை நீட்ட, இலக்கத்தை அவர் ஒவ்வொன்றாக வாசித்தார். ஒவ்வொரு இலக்கத்துக்கும் இரண்டு பஸ் சனமும் "சரி!" என்று கத்தியது. கடைசி இலக்கத்துக்கு மைதானமே கத்தியது. அவர் சட்டைப்பையிலிருந்து பேனையை எடுத்து, அந்த வெள்ளைக் காட்டின் மேல் தன் ஒப்பத்தைப் பெரிதாகப் போட்டார்.

"ஏறுங்க அம்மா."

பஸ் கிளம்பியது. நான் வேம்படியில் நின்று அழுதேன். பிரதம லிகிதர் பக்கத்தில் நின்று, "வென்றிட்டம் பிள்ள, வென்றிட்டம்" என்று ஏதோ விளையாட்டுப் போட்டி முடிந்த மாதிரிச் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசி பஸ் எங்களைக் கடக்கும்போது நேசம்மா ஜன்னலால் பாதி உடம்பை வெளியே போட்டுக் கத்தினாள்.

"மிஸ், போய்ச் சோத்தத் தின்னுங்ககா! காலையிலருந்து ஒரு சொட்டுத் தண்ணி வாயில வைக்கல்ல நீங்க!"